பின்னால் வந்த ஹாரன்

கோகிலவாணி கையைத் தூக்குவதற்கு முன்பே பின்னால் ஹாரன் கேட்டது.

பெருங்களத்தூர்ப் பக்கத்துக் குன்றில், மூடிய கல்குவாரியைச் சுற்றி ஏறும் பாதை அது. நாலு சக்கர பைக்குகளை வாடகைக்கு விடும் டேனியல் கறாராகச் சொல்லிவிட்டுக் கீழேயே நின்றுகொண்டான். “வளைவு வந்தா முன்னாடி போறவங்க கையத் தூக்கணும். பின்னாடி வர்றவரு ஹாரன் அடிக்கணும். திரும்பி மட்டும் பாக்காதீங்க அக்கா, தலை திரும்புனா ஹேண்டில்பாரும் கூடவே திரும்பிடும். ஒரு பக்கம் பள்ளம் கீது.”

கல்யாண நாளுக்கு இதுதான் வேண்டும் என்று அடம்பிடித்தவள் அவள். நீச்சல் தெரியாத, மொட்டைமாடிச் சுவரோரம்கூட நிற்காத கணவர் வேதாசலத்தை இழுத்து வந்துவிட்டு, கடைசியில் வண்டியில் ஏறத் தயங்கியதும் அவள்தான். “முன்னாடி போ வாணி, பின்னாடி நான் இருக்கேன்ல” என்று சிரித்தார்.

இருக்கிறார். ஹாரன் அடிக்கிறாரே. அவசரக்குடுக்கை, அவ்வளவுதான்.

மழை விட்டு இருட்டிக்கொண்டு வந்த சாயங்காலம். சக்கரங்கள் சரளைக்கல்லை அரைக்கும் சத்தமும், தூரத்தில் தாம்பரம் போகும் மின்சார ரயிலின் கூவலும் கலந்து வர, எங்கிருந்தோ பாசி பிடித்த தண்ணீரின் நாற்றம், பள்ளிக்கரணைச் சதுப்பிலிருந்து அவர்கள் வீட்டு ஜன்னலுக்குள் வீசுமே அதே நாற்றம், அவள் பின்கழுத்தை விட்டு நகராமல் கூடவே வந்தது.

“என்னங்க, கொஞ்சம் தள்ளி வாங்க!” என்று கத்தினாள்.

ஹாரன்.

இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டாள். அவளுடைய வண்டி அடங்கியது. பின்னால் இன்னொரு எஞ்சின் உறும வேண்டும். உறுமவில்லை. வெளிச்சமும் இல்லை.

கடைசி வளைவு. பிரேக்கை அழுத்தினாள். பாதை மடங்கித் திரும்பியதால் அவர்கள் ஏறி வந்த சரிவு முழுக்க எதிரே தெரிந்தது. அதன் கீழே குவாரித் தண்ணீர். தண்ணீருக்கு அடியில் ஒரு ஹெட்லைட் எரிந்துகொண்டிருந்தது. மேலே ஒரு மஞ்சள் ரெயின்கோட், குப்புற மிதந்தது. புறப்படும்போது அவள்தான் அதற்குப் பட்டன் போட்டுவிட்டாள்.

“ஐயோ, என்னங்க...”

பின்னால் ஹாரன். காதோரம்.

கை தானாக மேலே போனது.

ஈரமான கை ஒன்று அதைப் பற்றிக்கொண்டது. ஜில்லென்ற விரல்கள். மோதிரம். இளைத்த விரலிலிருந்து நழுவாமலிருக்க அவளே சுற்றிவிட்ட நூல், நனைந்து, அவள் கையில் உரசியது.

கையை இறக்க முடியவில்லை.