முழு நாவலையும் உடனே தரவும்

போன் அலறியது.

ஞாயிறு காலை பதினோரு மணி. இன்ஸ்பெக்டர் பாய்ந்து எடுத்தாள். எந்தப் பிணத்துக்கும் அவள் இப்படிப் பாய்ந்தது கிடையாது.

மறுமுனையில் இலக்கிய ஏஜென்ட்... எழுதுகிறவர்களின் நாவலைப் பதிப்பகங்களில் பேசி முடித்துத் தருகிறவர். அவள் மெயிலில் அனுப்பிய அறிமுகக் கடிதம் பிரமாதமாம். முழு நாவலும் வேண்டுமாம். ஒரு மணி நேரத்தில் தானே நேரில் வருகிறாராம்!

"நாவலை வேற யாருக்காவது காட்டினீங்களா மேடம்?"

"யாரும் கேக்கல சார்."

"காட்டாதீங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க... அந்தப் பதிப்பாளரைக் கொன்னது யாருன்னு கடைசியில வருதா?"

"வாங்க சார், நீங்களே படிச்சுப் பாருங்க."

வைத்தாள். தலைகால் புரியவில்லை.

இரண்டு வருடம்... நாற்பத்தொரு ஏஜென்ட்டுகள்... அத்தனை பேரும் கையை விரித்தார்கள். அதுவும் மாதக்கணக்கில் இழுத்தடித்து. இந்தப் புண்ணியவானுக்குக் கடிதம் போய்ப் பத்து நிமிடம்தான் ஆகிறது!

சமையலறைக்கு ஓடிக் கணவரிடம் ஒப்பித்தாள். அவர் பல் டாக்டர். நாவலில் சாவதும் ஒரு பல் டாக்டர்தான். கொல்வது அவன் மனைவி. அந்த மனத்தாங்கல் அவருக்கு இன்னும் தீரவில்லை.

கடிதத்தை வாங்கிப் படித்தார். ஒரே பக்கம். கிளினிக் நாற்காலியில் பல் டாக்டர் பிணமாகக் கிடக்கிறார்... மூடிய கைக்குள் ஓர் ஒப்பந்தத்தின் கிழிந்த மூலை... கொன்றது யார்?

அதோடு நிறுத்தியிருந்தாள். முடிவைக் கடிதத்தில் சொல்லிவிட்டால் நாவலை யார் கேட்பார்கள்? தன்னைப் பற்றி 'இல்லத்தரசி' என்று மட்டும் போட்டிருந்தாள். காக்கிக்குப் பயந்து யாரும் தலையாட்டிவிடக் கூடாது என்ற வீம்பு.

"எல்லாம் சரி," என்றார் கணவர். "இதுல பதிப்பாளர் எங்க வந்தாரு?"

அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது.

பதிப்பாளர்தான் நிஜம். நாலு வருடத்துக்கு முன் அவள் விசாரித்து, துப்புக் கிடைக்காமல் மூடி வைத்த கொலை. அந்தக் காகித மூலை இருந்தது அவர் கைக்குள். பத்திரிகைக்காரர்களுக்குக்கூட அதைச் சொல்லவில்லை. கதைக்காகத்தான் அவரைப் பல் டாக்டர் ஆக்கியிருந்தாள்.

"அந்த மூலையை வச்சு இது பதிப்பாளர் கேஸ்னு கண்டுபிடிக்கணும்னா... கொன்னவனா இருந்தாத்தான் முடியும்."

"ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டு அப்புறமா பிடியேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது. நாவலைக் கேட்ட ஒரே ஆள்... அவனும் கொலைகாரன்! மூக்கைத் துடைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள்.

ஏஜென்ட் வந்தார். சோபாவில் உட்கார்ந்தார். காகிதக் கட்டைத் திருப்பி நேரே கடைசிப் பக்கத்துக்குப் போனார்.

படித்தார்... நீளமாக மூச்சு விட்டார்... கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"பொண்டாட்டிதான் கொன்னான்னு முடிச்சீங்க பாருங்க, அங்க நிக்கறீங்க மேடம். ஒரு எழுத்துகூட மாத்த வேண்டாம்."

ஒப்பந்தத்தை விரித்தார். பேனாவை நீட்டினார்.

வாங்கினாள். ஒரே ஒரு கையெழுத்து... அட்டையில் அவள் பெயர்...

பேனாவை மூடி வைத்தாள்.

"ஒரு சந்தேகம் சார். என் கடிதத்துல செத்தது பல் டாக்டர். போன்ல நீங்க பதிப்பாளர்னு சொன்னீங்களே... எந்தப் பதிப்பாளர்?"

அவர் முகம் வெளுத்தது. வாசல் பக்கம் பார்த்தார். அங்கே இரண்டு கான்ஸ்டபிள்கள்.

"இல்லத்தரசின்னு போட்டிருந்தீங்க..."

"இதுவும் என் இல்லம்தானே சார்?"

விலங்கு 'க்ளிக்' என்றது.

"உங்க நாவல்ல நான் மாட்டவே இல்லையே மேடம்!"

"அது கையெழுத்துப் பிரதி," என்றாள் இன்ஸ்பெக்டர். "இது திருத்திய பதிப்பு."