நடக்கும் சிங்கமும் சிப்பி ஸ்பூனும்

எங்கள் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு வேடிக்கை உண்டு. தங்கம் தோண்டிய ஊர் அல்லவா? மஞ்சளாக மின்னினால்தான் மதிப்பு. கறுத்துப்போன பொருள் என்றால் கேட்கவே வேண்டாம், யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

ஆறாம் வகுப்பு ஜெனிட்டா மட்டும் வேறு மாதிரி. சுரங்கத்துத் துரைமார் விட்டுப்போன பழைய ஸ்பூன்களைச் சேர்க்கிறாள். எதைக் கண்டாலும் பின்பக்கம் திருப்புவாள். அங்கே நடக்கும் சிங்கம் ஒன்று குட்டியாகப் பதிந்திருந்தால் அசல் வெள்ளி. பிறகு காம்பைப் பார்ப்பாள். சிப்பி டிசைனா, பிடில் டிசைனா, ஓரத்தில் கோடா? அவளிடம் எல்லா டிசைனும் உண்டு. ஆனால் எல்லாம் வெறும் முலாம். சிங்கம் ஒன்றுகூட இல்லை!

அறுப்பின் பண்டிகையன்று, ஆளாளுக்குக் கொடுத்த காணிக்கைப் பொருள்களைச் சர்ச் வாசலில் ஏலம் விடுவார்கள். பூசணிக்காய், வாழைத்தார், ஓயாமல் கத்தும் ஒரு சேவல். நடுவில் நூலால் கட்டிய கறுத்த ஸ்பூன்கள். ஜெனிட்டா திருப்பினாள்.

சிங்கம்! காம்பில் அழகான சிப்பி!

இதை வேறு யார் கேட்கப்போகிறார்கள்? வீட்டில் சேர்த்த உண்டியல் காசே போதும்.

"ஆர்தர் அண்ணா, இதை யாரு கொடுத்தாங்க?"

"நம்ம அமலா ஆன்ட்டி," என்றார் ஏலம் போடும் ஆர்தர்.

அமலா ஆன்ட்டி கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். போன வருஷம் அவர் கொடுத்த முருங்கைக்கீரையை ஒருவரும் கேட்கவில்லை, பாவம். ஆசை யாரை விட்டது? ஜெனிட்டா கொஞ்சநேரம் தவித்தாள். பிறகு ஆன்ட்டியிடம் ஓடினாள்.

"ஆன்ட்டி, அது அசல் வெள்ளி! திரும்ப வாங்கிக்குங்க!"

"இன்னாடி சொல்ற? ஆண்டவருக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேக்கறதா? ஐயையோ!"

"அப்போ எல்லாருக்கும் சொல்லிடறேன்."

அவள் நாற்காலிமேல் ஏறிவிட்டாள். "இது வெள்ளி! பின்னாடி சிங்கம் இருக்குது பாருங்க!"

ஏலம் கேட்க வந்திருந்த லாய்ட் அங்கிள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார். "அட, ஆமாப்பா! நடந்து போவுது!"

அவ்வளவுதான், ஏலம் சூடுபிடித்தது. ஆளுக்கு ஆள் போட்டி. சேவல்கூட வாயை மூடிக்கொண்டது. கடைசியில் லாய்ட் அங்கிள்தான் ஜெயித்தார்.

"இந்த வருஷத்திலேயே பெரிய காணிக்கை, அமலா ஆன்ட்டியுது!" என்று கத்தினார் ஆர்தர்.

எல்லோரும் கை தட்டினார்கள். ஆன்ட்டி நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜெனிட்டாவும் தட்டினாள். சிங்கம் போனதில் அவளுக்குத் துக்கம்தான். ஆனாலும் பலமாகத்தான் தட்டினாள்.

சாயங்காலம் ஆன்ட்டி ஜெனிட்டாவின் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் எண்ணெய் சொட்டும் ஒரு ஸ்பூன்.

"இது ஊறுகா ஜாடியிலேயே கெடந்துச்சி, கட்டுல சேர்க்க மறந்துட்டேன். இதுலயும் உன் சிங்கம் இருக்குதா பாரு."

ஜெனிட்டா திருப்பினாள். இருந்தது!

"உனக்குத்தாண்டி, என் செல்லம்!"

எத்தனை தடவை துலக்கியும் அந்தச் சிங்கத்திடம் மாங்காய் ஊறுகாய் வாசனை போகவே இல்லை. இருக்கட்டுமே என்று ஜெனிட்டாவும் விட்டுவிட்டாள்.