நடக்கிறவள்

ஆறு வருஷமாக ஒருவரும் தொடாத கம்ப்யூட்டர் ஆட்டத்து வீரன் தொண்ணூற்றேழாம் நிலையில் நின்றுகொண்டிருந்தான். கடைசியாக விட்டுப்போனபோது அவன் நாற்பத்தொன்றில் இருந்தான். சந்தியா முந்தானையால் திரையைத் துடைத்துவிட்டு மறுபடியும் எழுத்துக்கூட்டிப் படித்தாள். தொண்ணூற்றேழுதான்.

அமாவாசை, தறிக்கு விடுமுறை. பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறியும் ஓடவில்லை. மற்ற நாளில் இந்தத் தெருவில் பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். இன்று பக்கத்து வீட்டில் குழாய் சொட்டுவதுகூடக் கேட்டது. மூலையில் கிடந்த கம்ப்யூட்டர் வெகுகாலம் கழித்துச் சூடேறியதில் உள்ளே அடைந்திருந்த தூசி கருகி, பொசுங்கிய முடிபோல நாற்றம் எடுத்தது. அதோடு தறிக்குழியின் ஈரமண் வாடையும் பாவு நூலில் போட்ட கஞ்சியின் புளிப்பும் சேர்ந்து அறைக்குள் தேங்கி நின்றன. மதிய வெயில் ஓட்டு இடுக்கு வழியாக இறங்கி, தறியில் பாதி நெய்த புடவையின் மேல் ஒரு காசளவுக்கு விழுந்திருந்தது.

கரையையும் உடலையும் தனித்தனி நூலால் நெய்து கோர்க்கும் கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். நெய்கிறவன் உடலை நெய்வான். பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்து கரைக்கான நூலை ஓட்டும் நாடாக் கட்டையை எறிவாள். இரண்டு பேர் கையும் ஒரே ஆள் கைபோல ஓட வேண்டும். சந்தியாவின் புருஷன் பிரேம்நாத் அந்தப் பழக்கத்தை விளையாட்டுக்கும் கொண்டுவந்தான். ஏழு கோட்டை என்ற அந்த ஆட்டத்தை ஊரில் எல்லோரும் ஒற்றை ஆளாகத்தான் ஆடினார்கள். இடது கையால் கீபோர்டைத் தட்டி நடப்பார்கள், வலது கையால் மவுஸைப் பிடித்து வெட்டுவார்கள். இந்த வீட்டில் மட்டும் ஒரு வீரனுக்கு இரண்டு பேர். அவள் நடத்தினாள், அவன் வெட்டினான்.

"காலு நீ, கை நானு" என்பான். "காலுக்கு எதுக்குடி யோசனை? போன்னா போ."

ஒரு நொடி தாமதித்தால் நாடாவின் மரமுனையால் அவள் இடது கை விரல் மொளியில் போடுவான். ஆள்காட்டி விரலில் அந்தப் புடைப்பு இன்னும் இருக்கிறது. ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் அவன் போன அன்றைக்கு எல்லோரும் அழுதார்கள். அவளும் அழுதாள். ஆனால் அன்று இரவு காலை நீட்டித் தூங்கினாள்.

பிறகு அவள் தறியில் நெய்கிறவன் உட்காரும் நடு இடத்தில் உட்கார்ந்தாள். சரிகைக் கடையில் வேலை பார்க்கும் ஷாஸியா சாப்பாட்டு நேரத்தில் பில் தாளின் முதுகில் எழுதிக் காட்டி அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். அதே ஷாஸியாதான் நேற்று இந்த ஆசையையும் கிளப்பிவிட்டாள்.

"ஏழு கோட்டை போனுக்கு வந்துக்கீதுடி. நாங்க நாலு பொம்பளைங்க சேர்ந்து ஆடிக்கினு இருக்கோம். நீயும் வா."

"என் ஆளு பழைய கம்ப்யூட்டர்ல கெடக்கறானே."

"நாளைக்கு ஆறு மணி வரைக்கும் டைம் இருக்குது. தொறைல கப்பல் நிக்கும். நடத்திக்கினு போய் ஏத்திட்டா போனுக்கு வந்துருவான். ஏறாதவங்கள அழிச்சிருவாங்களாம்."

அழிப்பதா? எத்தனை ராத்திரி கண்விழித்து நடந்த கால் அது. அவன் வெட்டினான், சரி. ஒவ்வொரு வெட்டுக்கும் கொண்டுபோய் நிறுத்தியது யார்? இனி இரண்டு கையும் தன்னுடையதாக வைத்து ஆட வேண்டும். அதற்காகத்தான் உட்கார்ந்தாள்.

திரையில் வீரன் ஏரிக்கரையில் முதுகைக் காட்டி நின்றான். அவனைச் சுற்றிலும் பிணங்கள். ஓநாய்கள், பன்றிகள், பெயர் தெரியாத கொம்பு மிருகங்கள். இந்த ஆட்டத்தில் செத்தது கண்ணெதிரே மறைந்துவிடும். இவை மறையவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக, கிணற்றுச் சுவர் கட்டியதுபோல வட்டமாக ஏறியிருந்தன. வட்டம் அவன் கை எட்டும் தூரத்தோடு நின்றது. அதற்கு அப்பால் புல் ஒன்றுகூட மடியவில்லை.

ஓரடி நடக்காமல், கைக்கு எட்டியதை மட்டும் வெட்டியே நிலை நிலையாக ஏறியிருக்கிறான்.

சந்தியா முந்தானையால் திரையை இன்னொருமுறை துடைத்தாள். கம்பெனிக்காரன் ஏதோ கோளாறு பண்ணியிருப்பான் என்று சொல்லிக்கொண்டாள். பழைய மவுஸைக் கரப்பான் அரித்ததால் எப்போதோ தூக்கிப் போட்டாயிற்று. புதிதாக வாங்கியது மடியில் இருந்தது. டப்பாவைப் பிரிக்க நகத்தை வைத்தாள்.

திரையில் அம்புக்குறி நகர்ந்தது.

அவள் கை டப்பாவின் மேல் நின்றுவிட்டது. உள்ளே மவுஸ் ஒயரைச் சுற்றிக்கொண்டு, பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்தது. அம்புக்குறி அவசரமில்லாமல் கீழே இறங்கி, தயாராக எழுதிவைத்திருக்கும் சொற்களின் பெட்டியைத் திறந்தது. அந்தக் காலத்தில் அவளுக்கு அது வெறும் பூச்சிக் கோலம், அவன்தான் தேர்ந்தெடுப்பான். இப்போது படிக்கத் தெரியும்.

'முன்னே செல்.'

வீரனின் தலைக்கு மேல் எழுத்து மிதந்தது. மறைந்தது. மறுபடியும் வந்தது.

'முன்னே செல்.'

வெட்டும் சத்தம் ஆரம்பித்தது. ஸ்பீக்கரை எலி கடித்து வருஷங்கள் ஆகின்றன. ஆனாலும் சத்தம் கேட்டது. இரண்டு குட்டை அடி, ஒரு நீள அடி. தறிப்பலகையை இழுத்து அப்படி அடிக்கிற ஆள் இந்தத் தெருவில் ஒருவன்தான் இருந்தான்.

எழுந்து ஓடிவிடலாம். கால் தயாராகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே வேறு ஏதோ ஒன்று கொதித்தது.

"மாட்டேன்" என்றாள், திரையைப் பார்த்தே. "உனக்கு நடக்கத் தெரியாது இல்ல? ஆறு வருஷமா நின்ன எடத்துலயே நின்னுக்கினு கீற. நில்லு. ஆறு மணிக்கு அழிச்சிருவாங்க."

சத்தம் நின்றது. குழாய்ச் சொட்டும் நின்றிருந்தது.

போன் அடித்தது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். ஷாஸியா. "எங்கடி இருக்க? உன்ன கூட்டிக்கினு போலாம்னு போன்லேர்ந்தே பழைய ஆட்டத்துக்கு வந்துட்டேன். இதோ பாரு, பச்சை முக்காடு."

திரையில், கரையோரப் பாதையில் பச்சை முக்காடு போட்ட ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். பிண வட்டத்துக்கு அருகில் வந்து நின்றாள்.

"யா அல்லா, இன்னாடி இது, கசாப்புக் கடை வெச்சிக்கினு கீற!"

"ஷாஸியா, கிட்ட வராத. போய்டு."

அம்புக்குறி ஷாஸியாவின் பக்கம் திரும்பியது. இன்னொரு சொல்லைத் தொட்டது.

'கை கொடு.'

சந்தியா போனை வாயருகே இழுத்தாள். கை கொடுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கையைப் பிடித்தவர் நடக்கிற இடத்துக்கெல்லாம் இவனும் போவான். பிடித்தவரின் கால் இவனுடைய காலாகிவிடும். கப்பலுக்கு. ஷாஸியாவின் போனுக்கு. ராத்திரி பகலாக அவள் கையிலேயே இருக்கும் போனுக்கு.

"புடிக்காதடி! அது நான் இல்ல!"

"அட, பயங்காட்டாத. கை நீட்டறான் பாரு, மாப்ள மாதிரி." ஷாஸியா சிரித்தாள். "புடிச்சிட்டேன்."

இரண்டு உருவங்களுக்கும் நடுவே மஞ்சள் நூலாக ஒரு கோடு எழுந்தது. பச்சை முக்காடு துறைப் பக்கம் திரும்பியது. வீரனின் கால், ஆறு வருஷத்துக்குப் பிறகு, பெயர்ந்தது. பிணங்களை மிதித்துக்கொண்டு வெளியே வந்தான்.

"சந்தியா…" ஷாஸியாவின் குரல் மாறியிருந்தது. "என் வலது கை மரத்துப் போச்சுடி. விரலு… விரலு தன்னால மடங்குது."

சந்தியா இடது கையைக் கீபோர்டில் வைத்தாள்.

அந்த விரலுக்கு எதுவும் மறக்கவில்லை. பின்னால் போகும் கீயை அழுத்தினாள். வீரன் நின்றான். மஞ்சள் கோடு விறைத்தது. முன்னே ஒரு கால், பின்னே ஒரு கால் என்று ஆடினான். கீ அவள் விரலை மேலே தள்ளியது, அடியில் யாரோ கட்டைவிரலால் முட்டுக்கொடுப்பதுபோல.

"காலு யாருது?" பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "சொல்லு. காலு யாருது?"

உடல் பாரம் முழுவதையும் அந்த ஒற்றை விரலில் ஏற்றினாள். வீரன் பின்னால் சறுக்கினான். ஓரடி. இன்னொரு அடி. கோடு அறுந்தது.

"வுட்டுச்சு! கை வந்துருச்சு!" ஷாஸியா அழுதாள். "இன்னாடி அது?"

"கப்பல்ல ஏறு. திரும்பிப் பாக்காத. ஏறு."

பச்சை முக்காடு ஓடியது. சந்தியா விரலை எடுக்கவில்லை. வீரன் கரையைத் தாண்டி ஏரிக்குள் இறங்கினான். முழங்கால். இடுப்பு. வாள் தண்ணீரை வெட்டியது. இரண்டு குட்டை, ஒரு நீளம். கழுத்து. தலை.

கீயை விட்டால் மேலே மிதந்துவிடுவான். அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அழுத்தினாள். ஓட்டு வெளிச்சம் புடவையை விட்டு இறங்கி, தரையில் நகர்ந்து, சுவரில் ஏறி அணைந்தது. விரல் மரத்தது, மற்ற விரல்களையும் அதன் மேல் அடுக்கிக்கொண்டாள். தோள் எரிந்தது. தெருவில் யாரோ கோயிலுக்குக் கிளம்பிப் போனார்கள். எடுக்கவில்லை.

"மணி ஆறாயிடுச்சு" என்றாள் ஷாஸியா போனில், மெதுவாக. "நான் ஏறிட்டேன். பழைய ஆட்டத்த மூடிட்டாங்களாம். எல்லாருக்கும் இருட்டாயிடுச்சாம். உன்னுதும் ஆயிருக்கும். கைய எடுத்துருடி."

சந்தியா திரையைப் பார்த்தாள்.

இருட்டாகவில்லை.

பச்சைத் தண்ணீரின் அடியில் அவன் நின்றான். இத்தனை நேரமும் முதுகைக் காட்டியவன் இப்போது திரும்பியிருந்தான். ஆட்டத்தில் வீரனுக்கு முகம் கிடையாது, இரும்புக் கவசம்தான். கவசத்தைக் கழற்றியிருந்தான். காய்ச்சலில் உதடு வெடித்த முகம். அம்புக்குறி எங்கேயும் இல்லை. வாள் ஏரி மண்ணில் கிடந்தது. வெட்டுவதை விட்டுவிட்டான். அவனுடைய வலது கை அங்கே இல்லை. தோளோடு சரி.

அவள் மடியில் ஏதோ அசைந்தது.

அவளுடைய வலது கை. மவுஸ் டப்பாவைத் தள்ளிவிட்டு எழுந்தது. கீபோர்டின் மேல் ஊர்ந்து, இடது கையிடம் வந்து நின்றது. பொறுமையாக, சிக்கெடுப்பதுபோல, சுண்டுவிரலைப் பிரித்தது. அடுத்த விரலைப் பிரித்தது.

"சந்தியா? பேசுடி. நான் அங்க வந்துக்கினு இருக்கேன்."

"வெளியவே நில்லு" என்றாள். "எத்தினி நாளானாலும் சரி. இவன வுட மாட்டேன்."

மூன்றாவது விரலும் பெயர்ந்தது. மிச்சம் இருந்தது புடைப்பு விழுந்த அந்த ஒன்றுதான்.

அவள் குனிந்தாள். தன் வலது மணிக்கட்டில் பல்லைப் பதித்தாள். எலும்பு தட்டும் வரை கடித்தாள். வாயில் ரத்தம் உப்பாக ஊறியது. வலிக்கவேயில்லை. அவளுக்கு வலிக்கவில்லை. தண்ணீருக்கு அடியில் அந்த முகம்தான் வலியில் வாயைத் திறந்தது.

ஒற்றை விரல் கீயின் மேல் இருந்தது. பல்லுக்கு நடுவே அந்தக் கை துடித்தது, இரண்டு குட்டையாக, ஒரு நீளமாக. சந்தியா இன்னும் அழுத்திக் கடித்தாள்.