கண்கட்டிய கயாக்குகள்

மனிதகுலம் கடலை வென்ற வரலாற்றில் இன்றைய பயணத்துக்கு ஓர் அத்தியாயம் உண்டு என்று கேப்டன் மெல்கியோர் கடலில் நின்று அறிவித்தார். கடல் அவர் முழங்காலைக்கூட எட்டவில்லை. கேப்டன் பட்டமும் அவரே சூட்டிக்கொண்டதுதான்.

கயாக் என்னும் துடுப்புப் படகுகளில் பயணிகளை அழைத்துப்போய், ஆவுளியா என்று அந்தக் கரையில் சொல்லப்படும் கடல்பசுவைக் காட்டுவது அவர் தொழில். அவை மேயும் கடலடிப் புல்திட்டு அவருக்கு மட்டுமே தெரியும். பக்கத்து ஊர் மோட்டார் படகுக்காரருக்குத் தெரிந்தால் தீர்ந்தது. இயந்திரச் சத்தத்துக்கு ஆவுளியா ஓடிவிடும். பிழைப்பும் பின்னாலேயே ஓடும். ஆகவே பாதி வழியில் பயணிகள் கண்ணைக் கட்டிக்கொள்வது அவரது சட்டம். அவர் படகு முன்னே போகும். மற்றவை கயிற்றில் பின்தொடரும்.

அன்று கோவைத் தம்பதி திலோத்தமாவும் சின்னராசுவும் ஒரு படகில். கடைசிப் படகில் மதுரைக்காரர் உமாபதி, தனி ஆள். கையில் கேமரா இல்லை.

"அண்ணே, இங்கிட்டு மோட்டார் போட்டு வருமா?" என்றார் உமாபதி.

மெல்கியோரின் துடுப்பு நின்றது. "எதுக்குக் கேக்குறீய?"

"சும்மாதாண்ணே. வர ரொம்ப நேரமாகுமோ?"

ஒற்றன். சந்தேகமே இல்லை.

கண்கட்டும் இடம் வந்தது.

"ஏனுங் கேப்டன், பாக்கறதுக்குத்தானுங்க வந்தோம்?" என்றாள் திலோத்தமா.

"பாக்க வேண்டிய எடத்துல பாக்கலாம். கட்டுங்க."

"எனக்குக் கலியாணத்தன்னிக்கே கட்டீட்டாங்க" என்றான் சின்னராசு.

"பேசாம துடுப்பப் போடுங்க."

உமாபதியின் துண்டை மெல்கியோரே இறுக்கினார். அப்படியும் மனம் ஆறவில்லை. எந்தக் கேப்டனும் செய்யாததைச் செய்தார்: படகில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து, உமாபதியின் முகத்தைப் பார்த்தபடியே துடுப்புப் போட்டார்.

உமாபதியின் உதடுகள் அசைந்தன. துடுப்படிகளை எண்ணித் தூரம் கணக்கிடுகிறான்! மெல்கியோர் சட்டென்று இடப்பக்கம் வளைத்தார். உதடுகள் ஓயவில்லை. வலப்பக்கம் வளைத்தார். ஒரு வட்டம் அடித்தார். உதடுகள் இன்னும் வேகமாக அசைந்தன.

'புஸ்' என்று பெருமூச்சு கேட்டது.

"உமாபதி, நீங்களா?"

"நான் இல்லண்ணே."

திலோத்தமா துண்டைப் பிடுங்கி எறிந்தாள். துடுப்பு எட்டும் தூரத்தில் சாம்பல் நிற முதுகு ஒன்று நீரைப் பிளந்து எழுந்தது. அதன் விலாவோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி. தாயின் மூக்குத் துளைகள் திறந்து மூடின. பிறகு இரண்டும் புல்லுக்குள் இறங்க, அடியில் சேறு மேகம்போலக் கலங்கியது.

"அண்ணே, நான் அவுக்கலாமா?"

மறந்தே போயிருந்தார். மெல்கியோர் அவர் படகைக் கயிற்றால் அருகே இழுத்து விரைந்து முடிச்சை அவிழ்க்க, மறுபடி எழுந்த குட்டியை உமாபதியும் பார்த்தார். கண் கலங்கினார்.

"முருகனைக் கூப்பிட்டுக்கிட்டே வந்தேண்ணே. எனக்கு நீச்சல் தெரியாது. கவுந்தா மோட்டார்ல வந்து தூக்குவாங்களான்னுதான் கேட்டேன்."

மெல்கியோர் தொலைவில் தெரிந்த கரையைப் பார்த்துப் படகைத் திருப்பினார்.

கரையில் கூட்டம் சேர்ந்தது. குட்டியைப் பற்றிக் கேள்விப்பட்ட மோட்டார் படகுக்காரரே வந்து நின்றார். "எந்த எடம்யா அது?"

"உசுரே போனாலும் சொல்ல மாட்டேன்" என்று மெல்கியோர் நெஞ்சை நிமிர்த்தினார். கைதட்டல் எழுந்தது. சக மனிதரை நம்பிப் பழக வேண்டும் என்று பயணிகளிடம் இரண்டு வார்த்தை பேசவும் செய்தார்.

அவர்கள் ஆவுளியாவைப் பார்த்தது அவருடைய புல்திட்டில் இல்லை. அது எந்த இடம் என்று அவருக்குத் தெரியாது.