ஒட்டிக்கொண்ட தாழ்ப்பாள்

"ஐயய்யோ...!"

வெள்ளிக்கிழமை காலை. விழுப்புரத்தின் அந்த வரிசை வீட்டுத் தெருவே அலறலில் அதிர்ந்தது.

கிருஷ்ணவேணியின் கையிலிருந்த பூப்பந்து உருண்டோடியது. பூ மார்க்கெட்டிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். தன் வீட்டு கிரில் கேட்டைப் பிடித்து உலுக்கினாள்.

தாழ்ப்பாள் அசையவில்லை.

யாரோ அதைச் சட்டத்தோடு சேர்த்து வெல்டிங் வைத்திருந்தார்கள்!

உள்ளே, லுங்கியோடு அவள் கணவன் சீனுவாசன். அந்த வீட்டுக்கு வேறு வாசல் கிடையாது.

"எதிர்வீட்டு அம்சாதான்! நேத்து தெருவே கேக்க சொன்னாளே... 'உன் கேட்ட ஒட்டி வுட்டுடுவேன்'னு!"

அம்சா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

சொன்னது உண்மைதான். ரேஷன் கடையில் பத்து வருடமாக அரிசி அளக்கும் கை அவளுடையது. தொட்டதும் நெருப்பாய்ப் பூக்கிற ஒரு பொருள் அந்தக் கைக்கு வேண்டியிருந்தது. திண்டிவனம் பழைய இரும்புக் கடையில் அந்த வெல்டிங் மெஷினைக் கண்டாள். குட்டி யானை வண்டியில் ஏற்றி வந்தாள். கறுத்துப்போன ஆயிலை வடித்து, காயிலை மொட்டைமாடியில் காயவைத்து, புது ஆயில் ஊற்றி உயிர் கொடுத்தாள். ரெண்டு பேஸ் கரண்டில் ஓட வேண்டிய மெஷினை வீட்டு ஒரு பேஸில் ஓட வைத்தாள்.

ஒவ்வொரு முறை பொறி பறந்தபோதும் தெருவின் லைட்டெல்லாம் மங்கியது. கிருஷ்ணவேணியின் டிவியில் படமும் சுருங்கியது. சண்டை வந்தது.

ஏட்டு ஆதிநாராயணன் வந்து சேர்ந்தார்.

"சார், ஜல்தியா கேட்ட அறுக்கச் சொல்லுங்க! பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள திண்டிவனம் போயி கொலசாமி கோயில்ல இவருக்கு மொட்டை போடணும்!" கிருஷ்ணவேணி பரபரத்தாள்.

"யாரு வேண்டிக்கினது?"

"நாந்தான் சார். என் முட்டி வலி போச்சின்னா அவரு முடிய குடுக்கறேன்னு..."

ஏட்டு உள்ளே பார்த்தார். சுருள் சுருளாக, மை தடவி மினுமினுத்த கிராப்பு!

"இந்த கேட்டு எவிடன்ஸும்மா. விசாரண முடியாம யாரும் தொடக் கூடாது!"

குனிந்து தாழ்ப்பாளைத் தடவினார்.

"அடேங்கப்பா... தையல் போட்ட மாரி என்னா நேர்த்தி! தேர்ந்த கை!"

அம்சாவுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்தது. பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏம்மா அம்சா, உன் கேபிள் இங்க வரைக்கும் எட்டுமா?"

"எட்டும் சார்."

"காலைல யாருமே பாக்கலியா?"

"தெருமுனைல தண்ணி லாரி சார். எல்லாரும் கொடத்தோட அங்கதான்."

ஏட்டு மீசையை நீவினார். "அப்போ மெஷின ஸ்டேஷனுக்குத் தூக்கவேண்டியதுதான்!"

அம்சாவுக்கென்று இருந்தது அந்த மெஷின் ஒன்றுதான். அதைக் காப்பாற்ற ஒரே வழி... மானத்தை விடுவது!

"சார்... எனக்கு ஒழுங்கா வெல்டிங்கே வராது. வேணும்னா வெச்சிக் காட்டறேன், பாருங்க."

துண்டு இரும்பு வந்தது. மெஷின் உறுமியது. எல்லா லைட்டும் மங்கின.

தொட்டாள். வெல்டிங் ராடு இரும்பில் ஒட்டிக்கொண்டது. இழுத்தாள். வளைந்தது. மறுபடி தொட்டாள்... இரும்பு ஓட்டையானது!

கூட்டம் சிரித்தது. அம்சாவின் காது மடல்கள் எரிந்தன.

"ஐய, கோழி எச்சம்! இவளுக்கு அவ்ளோ சாமர்த்தியம் ஏது சார்?" கிருஷ்ணவேணியே சாட்சி சொன்னாள். "இது வேற எவனோ கைதேர்ந்தவன்!"

"கரெக்ட். இது வெளியூரு கைதான்!" ஏட்டு பைக்கை உதைத்துப் புறப்பட்டபோது ராகு காலம் தொடங்கியிருந்தது.

"போச்சு... நாளைக்கி ஆடி பொறந்துடும். இனிமே மொட்டை ஆடி கழிஞ்சிதான்!" வாடகைக் காரைத் திருப்பி அனுப்பிவிட்டு, கேட்டை அறுக்க பிளேடுக்காரனைத் தேடி ஓடினாள் கிருஷ்ணவேணி.

தெரு காலியானது.

அம்சா மெல்ல கேட்டருகே வந்தாள். உள்ளே சீனுவாசன் கண்ணாடி முன் தலை சீவிக்கொண்டிருந்தான்.

"கோயிலா கட்டலாம்மா உனக்கு! என் முடிய காப்பாத்திட்ட. ஆனா, அந்த ராடு ஒட்டிக்கிச்சே... இன்னா நடிப்பு!"

"நடிப்பு கெடக்குதுண்ணா." எத்தனை பேர் சிரித்துவிட்டார்கள்! அவள் விரல் தாழ்ப்பாளின் தழும்பை வருடியது. "என் மெஷினுக்கு மொத ஆர்டரு இது. வேல எப்டிண்ணா?"

"ஒண்ணாம் நம்பரு! நீ பேசாம இத கழட்டி வுட்டுடேன். பிளேடுக்காரன் வந்து கேட்டையே நாசம் பண்ணிடுவான்."

அம்சா முதல்முறையாகச் சிரித்தாள்.

"ஒட்டத்தாண்ணா மெஷின் வாங்கினேன்... பிரிக்கறதுக்குத்தான் உங்க வீட்டு அக்கா ஆள் தேடிப் போயிருக்காங்களே!"