ஒரு முறுக்கிக்கு இரண்டு பொட்டு

பிணத்தை ஆம்புலன்ஸில் ஏற்றியாகிவிட்டது.

அடுத்து ஏற வேண்டியவன் பென்னி... போலீஸ் ஜீப்பில்!

குற்றாலம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, குளக்கரையில் இருந்தது அந்த ரிசார்ட். மூன்று நாளாகச் சாரல் இல்லை. காற்று மட்டும் செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பிய்த்துக்கொண்டு வந்தது. படித்துறையில் அந்தப் புத்தம்புதுப் பாய்மரப் படகு கட்டிக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. முதல் ஓட்டம். குளத்தின் நடுவே போனதும் பாய்மரம் அப்படியே சாய்ந்து, ரிசார்ட் முதலாளி கிருஷ்ணபிரசாத்தின் தலையில் விழுந்தது. கரைக்குக் கொண்டுவரும்போது உயிர் இல்லை.

அவரோடு படகில் இருந்த ஒரே ஆள் பென்னி. படகுக் கம்பெனி அனுப்பிய ஃபிட்டர், செங்கோட்டைக்காரன்.

இன்ஸ்பெக்டர் இராமலட்சுமி கையிலிருந்த தாளை ஆட்டினார்.

"பதினேழு கம்ப்ளைன்ட். புதுப் படகுலயாலே பதினேழு?"

பென்னி தாளைப் பார்த்தான். எதை மறைப்பது? படகு வந்த அன்றே கேபின் கதவின் கீல் கையோடு வந்தது. சுக்கான் ஆடியது. ஓரத்துக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தவர் கம்பியோடு குளத்தில் விழப் பார்த்தார். கிருஷ்ணபிரசாத் ஒவ்வொன்றாக எழுதி அனுப்பினார். கம்பெனி பென்னியை அனுப்பியது. மூன்று நாள் மாடாய் உழைத்து எல்லாவற்றையும் முறுக்கினான். பக்கத்தில் டிக் போட்டான். கீழே கையெழுத்தும் போட்டான்.

அந்தக் கையெழுத்து இப்போது அவன் கழுத்தைப் பிடித்தது!

"பதினொண்ணாவது, பாய்மர முறுக்கி லூஸ். டிக் போட்டிருக்க. முறுக்கினியா?"

"முறுக்குனேன் மேடம். வியாழக்கிழமை."

"பிறகு எப்படிக் கழண்டுச்சு?"

பென்னி பாய்மரத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்ப நீ முறுக்கல. அஜாக்கிரதை."

"சத்தியமா முறுக்குனேன்."

"அப்ப நீயே கழட்டிவிட்டிருக்க. கொலை. ரெண்டுல எதுன்னு நீயே சொல்லு."

எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்! பத்தொன்பதாம் தேதி துபாய்க்கு ஃப்ளைட். படகுத் துறையில் வேலை, நாலு வருஷமாகக் காத்திருந்து கிடைத்த விசா. கேஸ் விழுந்தால் பாஸ்போர்ட்டும் போச்சு, வாழ்க்கையும் போச்சு.

படியில் உட்கார்ந்திருந்த ஹம்சா, செத்தவரின் மனைவி, அவனையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை அவனால் தாங்க முடியவில்லை.

அவனுக்காகப் பேசிய ஒரே ஆள் கிருஷ்ணபிரசாத்தின் தம்பி ஸ்ரீனிவாஸ்தான். பையன் பாவம், கம்பெனிக்காரன் மட்டமான சாமானைத் தலையில் கட்டிவிட்டான், எல்லாம் விதி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஏறுலே. எத முறுக்குனன்னு காட்டு."

பென்னி படகில் ஏறினான். பின்னால் இன்ஸ்பெக்டர், படித்துறையில் இரண்டு கான்ஸ்டபிள், மற்ற மூன்று பக்கமும் தண்ணீர்.

படகு முழுக்கச் சந்தனமும் குங்குமமும். சைக்கிள் வாங்கினாலே பூஜை போடுகிற ஊர், படகை விடுமா? வெள்ளிக்கிழமை பூஜையில் ஹம்சா எல்லா ஃபிட்டிங்குக்கும் ஒவ்வொரு பொட்டு வைத்திருந்தாள்.

பென்னி விளிம்பில் மண்டியிட்டான். பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிக்கயிற்றின் அடியில் இருந்தது அந்த முறுக்கி. விரல் பருமன் உருளை. சுற்றச் சுற்ற இறுகும், திருப்பிச் சுற்றினால் கழலும். கழலாமல் தடுக்கிற ஊசியைக் கம்பெனி அனுப்பவே இல்லை. அதையும் மறைக்காமல் சொன்னான். சொல்லிக்கொண்டே எட்டி அதன் பின்பக்கம் பார்த்தான்.

இன்னும் குனிந்தான்.

முன்னால், படித்துறையைப் பார்த்த பக்கத்தில் ஒரு பொட்டு. பின்னால், தண்ணீரைப் பார்த்த பக்கத்தில்... இன்னொன்று!

"மேடம், இதுல ரெண்டு பொட்டு இருக்கு."

"அதுக்கென்ன?"

"அம்மா வெச்சது முன்பக்கம். பிறகு யாரோ சுத்திக் கழட்டியிருக்காங்க. பொட்டு சுத்தி அந்தப் பக்கம் போயிருச்சு. முன்னால மூளியா இருக்கேன்னு புதுசா ஒண்ணு வெச்சிருக்காங்க."

கொல்லத் துணிந்தவனுக்கு, பூஜை போட்ட சாமானைப் பொட்டில்லாமல் விட மனசு வரவில்லை!

மன்னிதான் மறந்துபோய் இரண்டு வைத்திருப்பாள் என்றார் ஸ்ரீனிவாஸ். ஹம்சா நிமிர்ந்தாள்.

"நான் படித்துறையில நின்னுண்டுதான் வெச்சேன். அந்தப் பக்கம் எனக்கு எப்படி எட்டும்?"

இராமலட்சுமி குனிந்து இரண்டு பொட்டையும் செல்போனில் படம் எடுத்தார்.

"சந்தனம் நல்லா காஞ்சிருக்கு. விரல் ரேகை அச்சு மாதிரி விழுந்திருக்கு. திருநெல்வேலியில இருந்து ஆளு வருத வரைக்கும் யாரும் தொடக்கூடாது. ஏலே, நீ அங்கனயே இரு."

கரையேறிப் போனை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார். கான்ஸ்டபிள்களும் பின்னாலேயே நகர்ந்தார்கள்.

படகு ஆடியது. ஸ்ரீனிவாஸ் ஏறியிருந்தார்.

"அண்ணா செருப்பு இங்க கிடக்கு... எடுத்துக்கறேன்."

குனிந்தார். கை செருப்புக்குப் போகவில்லை, முறுக்கிக்குப் போனது. பெருவிரல் முன்பக்கப் பொட்டை அழுத்தித் தேய்த்தது!

பொட்டு போனால் பென்னியும் போனான். பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தான். ஸ்ரீனிவாஸ் உதறித் தள்ளினார். பென்னி ஓரத்துக் கைப்பிடிக் கம்பியில் போய் மோதினான்.

கம்பி அசையவில்லை. முறுக்கியது அவன் அல்லவா!

"போதும் ஸ்ரீனிவாஸ்." இராமலட்சுமி படித்துறையில் நின்றிருந்தார். "பெருவிரலக் காட்டுங்க."

மஞ்சளும் சிவப்பும்.

குடும்பத் தோப்பை ப்ளாட் போட்டு விற்க அண்ணன் ஒத்துக்கொள்ளாததற்காகவா இப்படிச் செய்தாய் என்று ஹம்சா கேட்டாள். ஸ்ரீனிவாஸ் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கதறிய கதறலில் கரையே அதிர்ந்தது.

பென்னி படகிலிருந்து இறங்கி வந்தான்.

"மேடம், அந்த ரேகை... அழிச்சிட்டாரே?"

"அதுல எங்கனலே ரேகை இருந்துச்சு? சந்தனமே பொரிஞ்சு கிடக்கு. சும்மா சொல்லிப் பாத்தேன்."

பென்னிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. போகலாமா என்று கேட்டான்.

கான்ஸ்டபிள் அதற்குள் ஸ்ரீனிவாஸுக்கு விலங்கு மாட்டியிருந்தார். அது தொளதொளவென்று புறங்கைவரை இறங்கியது. இராமலட்சுமி அதைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"இத முறுக்கிக் குடுத்துட்டுப் போலே. கவர்மென்ட் சப்ளை... உன் கம்பெனியவிட மோசம்."