ஈஏசி என்று தொடங்கும் இலக்கம்

2004ஆம் ஆண்டு. ஹட்டனில் விடாத மழை. தொலைபேசியும் இன்டர்நெட்டும் உள்ள அழகுமுத்துவின் கொமியுனிகேஷன் கடைக்குள் நனைந்த குடையோடு நின்று அழுதாள் நாகலெட்சுமி. அமெரிக்காவிலிருக்கும் கணவன் லக்ஸ்மன், அவளைக் கூப்பிட்டுக்கொள்ள மனுப் போட்டதாகச் சொல்லி, தொலைபேசியில் ஒரு ரசீது இலக்கம் கொடுத்திருந்தான். அழகுமுத்து அதைக் கம்பியூட்டரில், அமெரிக்கக் குடிவரவுத் தளத்தில் அடித்தான். அப்படி ஓர் இலக்கமே இல்லை என்றது தளம்.

"மனுவே போடல டீச்சர். அங்க வேற குடும்பம் இருக்கும். எனக்கு அப்பவே டவுட்டு," என்றான். துப்பறிவதில் அவனுக்கு அவ்வளவு ஆசை.

டீச்சர் என்றது, பக்கத்தில் நின்ற குணபூசணியை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே கணக்குப் படிப்பிப்பவர். ஊரில் எந்தச் சிக்கல் என்றாலும், வெளிநாட்டு மனு என்றாலும், அவரிடம்தான் வரும்.

"இப்ப அவரு இங்க கோல் எடுப்பாரு. இனிமே எனக்கு எடுக்காதீங்கன்னு சொல்லிடப் போறேன்," என்றாள் நாகலெட்சுமி.

"பொறும் பிள்ளை. நீர் எழுதின கடதாசித் துண்டைத் தாரும்," என்றார் குணபூசணி.

துண்டில் 'ஈஏசி' என்று ஒரே சொல்லாகத் தமிழில் இருந்தது. பிறகு இலக்கங்கள்.

"அடிக்கேக்க ஏதும் கரைச்சல் இருந்ததோ, அழகுமுத்து?"

"ஒண்ணுமில்லீங்க. கடைசி நம்பர் மட்டும் பொட்டிக்குள்ள போகல. எடம் குடுக்குறதுலயும் அமெரிக்காக்காரன் கஞ்சன். விட்டுட்டேன்."

குணபூசணி திரையைப் பார்த்துச் சிரித்தார். இலக்கங்களுக்கு முன்னால் அவன் அடித்திருந்தது இரண்டு ஈ, ஒரு எஸ், ஒரு ஐ.

"லக்ஸ்மன் பொய் சொல்லேல்லை. முதல் மூண்டு எழுத்தும் மனுவை எடுத்த அரசாங்கக் கந்தோரின்ர குறி. அடுத்த ரெண்டு இலக்கம் வருசம், சைபர் நாலு. மிச்சம் வரிசை. வாயில வந்ததைச் சொல்லுறவனுக்கு இவ்வளவு பொருந்தி வராது."

"அப்ப கள்ளன் யாருங்க?"

"நீங்கள்தான்."

அழகுமுத்து கதிரையை விட்டு எழுந்துவிட்டான்.

"அவர் சொன்னது இங்கிலீசு எழுத்து. ஈ, ஏ, சீ. இவ தமிழில சேர்த்து எழுதினா. நீங்கள் நாள் முழுக்க ஆக்களின்ர பேரை இங்கிலீசில அடிக்கிறனீங்கள். ஏகாம்பரம் எண்டா ஈ போடுவியள், 'சி'க்கு எஸ், ஐ. இதையும் அப்பிடியே அடிச்சிட்டியள். மூண்டு எழுத்து நாலாச்சு. பிறகு கடைசி இலக்கத்துக்கு எங்கால இடம்?"

"நான் ஏதோ கம்பெனி பேருன்னுல்ல நெனச்சேன்!"

திரும்ப அடித்தான். எல்லா இலக்கமும் உள்ளே போயின. பக்கம் திறந்தது: மனு கிடைத்தது, பரிசீலனையில் இருக்கிறது. நாகலெட்சுமி அதை இரண்டு தரம் வாசித்துக் காட்டச் சொன்னாள்.

தொலைபேசி அடித்தது. லக்ஸ்மனின் குரல் கடை முழுக்கக் கேட்டது.

"என்ன புள்ள, கொரலு ஒரு மாதிரி இருக்கு? கோவமா?"

"கோவமா? எனக்கா? ஒங்க மேலயா? நல்லாத்தான் கேட்டீங்க போங்க!" என்றாள் நாகலெட்சுமி, வாயைத் திறக்கப் போன அழகுமுத்துவைக் குடையால் குத்திக்கொண்டே.